கடைத்தொகுதிகளின் சதுர அடிக் கணக்கு: எந்தச் சுவரிலிருந்து அளப்பது?

மட்டக்களப்பு வாவியின் கரையோர நகரங்கள் கடந்த பல ஆண்டுகளில் பெரிதும் உருமாறிவிட்டன. கிழக்கில் 2007ஆம் ஆண்டு போர் ஓய்ந்து, 2009ஆம் ஆண்டு நாடு முழுவதும் அது முடிவுக்கு வந்த பின்னர், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இங்கே கிளைகளைத் திறந்தன. புளியந்தீவிலும் திருமலை வீதியிலும் ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் செங்கலடியிலும் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் ஓட்டுக் கூரைக் கடைகள் இருந்த இடங்களில் கொங்கிறீட் மாடிகள் எழுந்தன. வெளிநாடுகளில் உழைத்தவர்களின் சேமிப்பும், வங்கிக் கடனும், கூட்டு முதலீடும் இக்கட்டடங்களில் முடங்கியிருக்கின்றன. அவற்றில் வாடகைக்கு இருந்து தொழில் செய்பவர்களின் வாழ்வாதாரமும் இவற்றையே நம்பியிருக்கிறது.

இவ்வளவு பெரிய பொருளாதார மாற்றம் நிகழ்ந்துள்ள ஒரு பிரதேசத்தில், மிகவும் அடிப்படையான ஒரு கேள்விக்கு இன்றுவரை பொதுவான விடை இல்லை என்பது வியப்புக்குரியது. ஒரு கடை “ஆயிரத்து இருநூறு சதுர அடி” என்று சொல்லப்படும்போது, அந்த ஆயிரத்து இருநூறு எங்கிருந்து எங்கு வரை அளக்கப்பட்டது? சுவரின் வெளிப்புறத்திலிருந்தா, உட்புறத்திலிருந்தா? மாடிப்படி அதில் அடங்குமா? பின்புறத்திலுள்ள பொது மலசலகூடம் அடங்குமா? கதவுக்கு வெளியேயுள்ள விறாந்தை அடங்குமா? உரிமையாளர் ஒன்றை நினைக்கிறார். வாடகையாளர் இன்னொன்றை நினைக்கிறார். தரகர் இரண்டுக்கும் பொதுவாக ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார். இவ்விடயம் அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும் மாதந்தோறும் கைமாறும் பெருந்தொகைப் பணம் இந்த ஓர் எண்ணிலேயே தங்கியிருக்கிறது என்பதால், அதனைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகும்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். நமது நகரங்களின் பிரதான வீதிகளிலுள்ள காணிகள் பெரும்பாலும் முகப்பு குறுகியும் ஆழம் நீண்டும் இருப்பவை. அத்தகைய காணியொன்றில் 20 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட ஒரு கடை கட்டப்படுவதாக வைத்துக்கொள்வோம். வெளிச்சுவரின் புறமுகத்திலிருந்து அளந்தால் அதன் பரப்பு 1,200 சதுர அடி. நான்கு புறமும் 9 அங்குலச் சுவர் இருந்தால், உட்புற அளவு 18.5 அடிக்கு 58.5 அடியாகும். அதாவது 1,082.25 சதுர அடி. சுவர்கள் மட்டுமே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுவிட்டன. மேல்மாடிக்குச் செல்லும் படிக்கட்டு 7 அடிக்கு 12 அடியெனின் 84 சதுர அடி கழியும். பொது மலசலகூடமும் குழாய்கள் செல்லும் வழியும் 30 சதுர அடி. முகப்பில் 5 அடி ஆழமுள்ள விறாந்தை 92.5 சதுர அடி. இவற்றைக் கழித்தால், வாடகையாளர் தமது இறாக்கைகளை வைத்து வியாபாரம் செய்யக்கூடிய இடம் 875.75 சதுர அடி மாத்திரமே. சொல்லப்பட்ட அளவில் இது 73 வீதமாகும்.

எடுத்துக்காட்டுக்காக, சதுர அடிக்கு மாதம் 100 ரூபா என்று பேசப்பட்டதாகக் கொள்வோம். வாடகை 120,000 ரூபா. ஆனால் பயன்படும் இடத்துக்கு வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 137 ரூபா வீதம் செலுத்தப்படுகிறது. இரு கணக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு மாதம் 32,425 ரூபா. ஐந்து வருடக் குத்தகையில் 1,945,500 ரூபா. இதில் எவரும் பொய் சொல்லவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. உரிமையாளர் சொன்ன 1,200 என்பது உண்மையான அளவு. வாடகையாளர் எதிர்பார்த்தது வேறோர் அளவு. இரண்டுக்கும் “சதுர அடி” என்ற ஒரே பெயர் இருப்பதுதான் சிக்கலின் வேர்.

இந்த இடைவெளி சிறிய கடைகளில் இன்னும் மோசமடைகிறது. தனித்து நிற்கும் 10 அடிக்கு 12 அடி கடையொன்றை எடுத்துக்கொண்டால், புற அளவு 120 சதுர அடி. அதே 9 அங்குலச் சுவரைக் கழித்தால் எஞ்சுவது 89.25 சதுர அடி. பெரிய கடையில் பத்தில் ஒரு பங்கை எடுத்த சுவர், இங்கே கால் பங்கை எடுத்துவிடுகிறது. கைத்தொலைபேசி திருத்துபவர், தையற்காரர், பழக்கடைக்காரர் போன்ற சிறுமுதல் தொழிலாளர்கள் இருப்பது இத்தகைய கடைகளிலேயே. ஆக, புறச்சுவர்க் கணக்கின் சுமையை விகிதாசாரப்படி அதிகமாகச் சுமப்பவர்கள் மிகவும் குறைந்த முதலுடையவர்கள் என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

இந்தக் குழப்பம் எவ்வாறு உருவாகிறது? அந்த எண் பயணம் செய்யும் வழியைத் தொடர்ந்தால் விடை கிடைக்கிறது. கட்டடம் கட்ட எண்ணுபவர் முதலில் பட வரைஞரிடம் செல்கிறார். உள்ளூராட்சி மன்றத்தின் கட்டட அனுமதிக்காக வரையப்படும் படத்தில் வெளிச்சுவரின் புறமுகம் வரையிலான பரப்பே பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அது நியாயமானதே, காணியில் எவ்வளவு இடத்தைக் கட்டடம் மூடுகிறது, எவ்வளவு வெற்றிடம் விடப்படுகிறது, எத்தனை வாகனங்களுக்குத் தரிப்பிடம் வேண்டும் என்பவற்றை அறிய அந்த அளவே உதவும். அதே எண்ணை வைத்துத்தான் கட்டுநரும் “சதுர அடிக்கு இவ்வளவு” என்று செலவுமதிப்பீடு சொல்கிறார். அதுவும் பொருத்தமானதே, சுவரைக் கட்டுவதற்கும் படிக்கட்டை வார்ப்பதற்கும் செலவு உண்டு. பின்னர் அதே எண் வங்கியின் கடன் மதிப்பீட்டுக்குள் நுழைகிறது. இறுதியாக, வேறு எண் எதுவும் கையில் இல்லாத காரணத்தால், அதுவே வாடகைப் பேச்சிலும் வந்து அமர்கிறது. கட்டுவதற்காக அளக்கப்பட்ட அளவு, பயன்படுத்துவதற்கான அளவாக மாறிவிடுவது இந்தக் கடைசிக் கட்டத்திலேயே.

அளவை அலகுகளும் தம் பங்குக்குக் குழப்பத்தை அதிகரிக்கின்றன. காணியின் உறுதியில் பேர்ச் கணக்கு இருக்கிறது. புதிய நில அளவைப் படங்களில் ஹெக்டயர் இருக்கிறது. கட்டட விண்ணப்பத்தில் சதுர மீற்றர். கடைவீதியில் சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஒரு சதுர மீற்றர் ஏறத்தாழ 10.76 சதுர அடி. இம்மாற்றங்களைச் செய்யும்போது முழு எண்ணாக்கும் வழக்கம் ஒவ்வொரு முறையும் சில அடிகளைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது.

மேல்மாடி சேர்க்கப்படும்போது எழும் பிரச்சினை தனியானது. நமது பகுதிகளில் பெரும்பாலான கட்டடங்கள் ஒரே தடவையில் முழுமையாகக் கட்டப்படுவதில்லை. முதலில் நிலத்தளம், பணம் சேர்ந்தபின் முதலாம் மாடி, பின்னர் இரண்டாம் மாடி. படிக்கட்டுக்கான இடம் ஆரம்பத்தில் ஒதுக்கப்படாவிடின், பின்னர் அது நிலத்தளக் கடையின் உள்ளிருந்தே வெட்டியெடுக்கப்படுகிறது. கீழ்த்தளத்தின் வாடகை குறைக்கப்படுவதில்லை. மேல்தளத்துக்கும் அந்தப் படிக்கட்டுச் சேர்த்தே அளக்கப்படுகிறது. ஆகவே ஒரே படிக்கட்டுக்கு இருவர் வாடகை செலுத்தும் நிலை உருவாகிறது. உயரம் குறைந்த இடைத்தட்டுகளும் அவ்வாறே. நிமிர்ந்து நிற்க முடியாத, பொருள் அடுக்குவதற்கு மாத்திரம் பயன்படும் தட்டு, முழு உயரமுள்ள தளத்துக்குச் சமமாக எண்ணப்படுகிறது.

வீதியோரப் பகுதி இன்னொரு சிக்கல். கொழும்பிலிருந்து வரும் ஏ4 நெடுஞ்சாலை கல்முனையையும் காத்தான்குடியையும் கடந்தே மட்டக்களப்பை வந்தடைகிறது. அதன் ஓரத்தில் வடிகானுக்கு மேலாகவும் வீதி ஒதுக்கப் பகுதியிலும் நீட்டிக் கட்டப்பட்ட முகப்புகளைக் காணலாம். உரிமையாளருக்குச் சொந்தமில்லாத அந்த இடமும் சில வேளைகளில் வாடகைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வீதி அகலிப்பின்போதோ வடிகான் துப்புரவின்போதோ அது அகற்றப்பட்டால் நட்டம் வாடகையாளருடையது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் ஏற்பட்ட பெருவெள்ளத்தைக் கண்ட இம்மாவட்டத்தில், தளத்தை உயர்த்திக் கட்டி முன்னால் படிகள் அமைப்பது விவேகமான செயலே. ஆனால் அப்படிகள் எவருடைய கணக்கில் அடங்கும் என்பதும் எழுதப்படாமலே போகிறது.

இந்த விடயத்தில் நம் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? மேலோட்டமாகப் பார்த்தாலும் ஒரு வெற்றிடம் தெரிகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்படும் உறுதியின் அட்டவணை காணியின் நான்கு எல்லைகளையும் விபரிக்கிறது; கடையின் உட்பரப்பை எந்த முறையில் அளந்தார்கள் என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. நொத்தாரிசு இல்லாமல் முத்திரைத்தாளில் இரண்டு மூன்று வருடங்களுக்கு எழுதிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. அக்குத்தகை சட்டத்தின் முன் செல்லாது என்பதைப் பலர் தகராறு வந்த பின்னரே அறிகிறார்கள். வாடகை ஒரு மொத்தத் தொகையாக எழுதப்பட்டு, பரப்புக் குறிப்பிடப்படாமலோ “ஏறத்தாழ” என்ற சொல்லோடு குறிப்பிடப்பட்டோ இருக்குமாயின், பின்னர் பரப்புக் குறைவைச் சுட்டிக்காட்டி நிவாரணம் பெறுவது கடினமாகும்.

கட்டடத் துறையில் அளவைக்கு நியமமே இல்லை என்று கூறிவிட முடியாது. எஸ்எல்எஸ் 573 என்ற இலங்கை நியமம் கட்டட வேலைகளை அளக்கும் முறையை வகுத்துள்ளது. ஆனால் அது செங்கல் வேலை, கொங்கிறீட், பூச்சு போன்ற வேலைகளின் கணியத்தை அளப்பதற்கானது. குத்தகைக்குரிய தளப்பரப்பைத் தீர்மானிப்பது அதன் நோக்கமன்று. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் தளப்பரப்பை அடிப்படையாகக் கொண்டதன்று. உள்ளூராட்சி மன்றத்தின் வரிமதிப்போடு நியம வாடகையை இணைத்தே அது சிந்தித்தது.

வரிமதிப்பு என்பது என்ன? மாநகர சபைகளுக்கான 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆதனமொன்றின் ஆண்டுப் பெறுமதி என்பது, வாடகையாளர் ஒருவர் அதற்கு நியாயமாகக் கொடுக்கக்கூடிய வருடாந்த வாடகையை ஒட்டியது. சோலைவரி அப்பெறுமதியின் மீதான வீதமாகவே அறவிடப்படுகிறது. ஆகவே வாடகை எந்தப் பரப்புக்குக் கொடுக்கப்படுகிறது என்பது தெளிவற்றிருந்தால், சோலைவரியும் தெளிவற்றதாகவே இருக்கும். ஒரே வீதியில், ஒரே அளவான இரு கடைகளுக்கு வெவ்வேறு வரி விதிக்கப்பட்டிருக்கிறது என்று வர்த்தகர்கள் முறையிடும்போது, வேறுபாட்டுக்கான காரணத்தை விளக்கக்கூடிய பொதுவான அளவுப் பதிவேடு இருந்தால் இரு தரப்புக்கும் நன்மை.

உலகின் பிற பகுதிகளும் இந்தச் சிக்கலைக் கடந்தே வந்திருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் கட்டட உரிமையாளர்களின் சங்கமான போமா, அலுவலகக் கட்டடங்களை அளப்பதற்கான தனது முதலாவது நியமத்தை 1915ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. பிரித்தானியாவில் புறப்பரப்பு, உட்பரப்பு, தேறிய உட்பரப்பு என மூன்று வகையாகப் பிரித்து அளக்கும் வழக்கம் நீண்டகாலமாக நிலவுகிறது. எனினும் நாட்டுக்கு நாடு முறை வேறுபட்டமையால், பன்னாட்டு நிறுவனங்கள் ஒரு நகரத்து வாடகையை இன்னொரு நகரத்து வாடகையோடு ஒப்பிட முடியாமற் திணறின. அளக்கும் முறையைப் பொறுத்து ஒரே கட்டடத்தின் பரப்பு 24 வீதம் வரை வேறுபடலாம் என்று ஜேஎல்எல் என்ற ஆதன ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வொன்று காட்டியது. இப்பின்னணியில் 2013ஆம் ஆண்டு தொழில்சார் அமைப்புகள் பல ஒன்றிணைந்து, ஆதன அளவைக்கான சர்வதேச நியமங்களை உருவாக்கத் தொடங்கின. அலுவலகக் கட்டடங்களுக்கான முதலாவது நியமம் 2014ஆம் ஆண்டிலும், எல்லாவகைக் கட்டடங்களுக்குமான ஒருங்கிணைந்த நியமம் 2023ஆம் ஆண்டிலும் வெளியாயின.

ஐபிஎம்எஸ் எனப்படும் அந்நியமத்தின் அடிப்படைக் கருத்து எளிமையானது. 2014ஆம் ஆண்டின் வடிவில், முதலாவது அளவு வெளிச்சுவரின் புறமுகம் வரையிலானது. திட்டமிடலுக்கும் கட்டுமானச் செலவுக்கும் உரியது. இரண்டாவது, உட்சுவர் முகம் வரையிலானது. கட்டடத்தினுள்ளே இடம் எவ்வாறு பகிரப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுவது. மூன்றாவது, வாடகையாளர் ஒருவருக்கு மாத்திரம் உரிய இடம். பொதுப் படிக்கட்டு, மின்தூக்கி, பொது மலசலகூடம் போன்றவை அதில் அடங்குவதில்லை. அடுத்த வாடகையாளரோடு பகிரும் சுவர் நடுக்கோடு வரை அளக்கப்படும். உயரம் குறைந்த இடங்கள் போன்ற பயன் குன்றிய பகுதிகள் தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும். எந்த அளவு சரி, எந்த அளவு பிழை என்று அது தீர்ப்பளிக்கவில்லை. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயரைக் கொடுத்து, எதைச் சொல்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லுமாறு கேட்கிறது. நமக்கும் வேண்டியது இதுவே.

அண்டை நாடான இந்தியாவின் அனுபவமும் பயனுள்ள பாடம். அங்கே கட்டடங்களின் அடித்தளப் பரப்பு, உட்பரப்பு, வாடகைப் பரப்பு ஆகியவற்றை அளப்பதற்கு ஐஎஸ் 3861 என்ற நியமம் நீண்டகாலமாக இருந்தது. இருந்தும் சென்னை போன்ற நகரங்களில் பொது இடங்களின் பங்கையும் ஏற்றிச் சொல்லும் “சூப்பர் பில்ட் அப்” கணக்கே சந்தையில் கோலோச்சியது. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், விற்பனைக்கான கட்டடங்களில் கார்ப்பெட் ஏரியா எனப்படும் உட்பரப்பைச் சட்டத்திலேயே வரையறுத்து, அதனை வெளிப்படுத்துவதைக் கட்டாயமாக்கியது. அச்சட்டத்தின் வரையறை கடைகளையும் அலுவலகங்களையும் உள்ளடக்குகிறது. ஆனால் அது விற்பனையை முறைப்படுத்தும் சட்டமாதலால், அலுவலக வாடகைச் சந்தையில் ஏற்றிச் சொல்லும் பழைய கணக்கு தொடர்ந்தும் நிலவுகிறது. நியமம் ஒன்று தாளில் இருப்பதனால் மாத்திரம் சந்தை திருந்திவிடாது என்பதையும், வெளிப்படுத்தலைக் கட்டாயமாக்கிய இடத்தில் மாற்றம் ஏற்படுகிறது என்பதையும் இந்திய அனுபவம் ஒருங்கே காட்டுகிறது. ஹொங்கொங்கும் 2013ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தின் மூலம், புதிய வீடுகளின் விலையை விற்பனைக்குரிய தேறிய பரப்பின் அடிப்படையிலேயே கூறவேண்டும் என்று பணித்தது.

இங்கே ஒரு தவறான எதிர்பார்ப்பைத் தவிர்க்க வேண்டும். அளவை முறை மாறினால் வாடகை அந்த விகிதத்தில் குறைந்துவிடும் என்று வாடகையாளர்கள் எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். கடையின் வாடகையைத் தீர்மானிப்பது அதன் இருப்பிடமும் கேள்வியும்தான். பரப்பு 1,200இலிருந்து 876ஆகக் குறைத்துச் சொல்லப்பட்டால், உரிமையாளர் சதுர அடிக்கான வீதத்தை 137 ரூபாவாக உயர்த்துவார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலையேறிய பின்னர் கடன்பட்டுக் கட்டிய உரிமையாளருக்கும் தமது முதலீட்டை மீட்க வேண்டிய தேவை உண்டு. அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது நியாயமன்று.

அப்படியாயின் பயன் என்ன? ஒப்பிட முடிவதே பயன். முன்னர் கூறிய கடையை முதலாவது கடை என்போம். இரண்டாவது கடையின் சொல்லப்பட்ட பரப்பு 1,000 சதுர அடி. வீதம் 115 ரூபா. வாடகை 115,000 ரூபா. கேட்ட மாத்திரத்தில் இரண்டாவது கடை விலை கூடியதாகவும் சிறியதாகவும் தோன்றும். ஆனால் படிக்கட்டு வெளியே இருக்க, சுவர்கள் மெல்லியனவாக இருக்க, அதன் பயன்படும் இடம் 880 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், உண்மையான வீதம் சதுர அடிக்கு 131 ரூபாவுக்கும் குறைவு. இரண்டாவது கடையே மலிவானது. சற்றுப் பெரியதும் அதுவே. சொல்லப்பட்ட எண்ணை மாத்திரம் நம்பியவர் முதலாவது கடையையே தெரிந்திருப்பார். நன்றாகத் திட்டமிட்டுக் கட்டிய உரிமையாளருக்கும் இதனால் இழப்பு ஏற்படுகிறது. அவரது திட்டமிடலின் மதிப்பைச் சந்தை அறிவதில்லை.

கட்டட வடிவமைப்போடு இப்பிரச்சினைக்குள்ள தொடர்பு இதுவே. புறப்பரப்புக்கே வாடகை கிடைக்கும் சந்தையில், உள்ளே இடம் வீணாவதைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையில்லை. உட்பரப்புக்கு வாடகை கிடைக்குமாயின், வரைபடம் வரையும்போதே கேள்விகள் எழும். உட்பிரிவுக்கு 9 அங்குலச் சுவர் அவசியமா, நாலரை அங்குலம் போதுமா? தூண்களைச் சுவரோடு ஒட்டி அமைக்கலாமா? நான்கு கடைகளுக்கு நான்கு படிக்கட்டுகளுக்குப் பதிலாக ஒரு பொதுப் படிக்கட்டுப் போதுமா? காத்தான்குடி போன்று நிலம் மிக அருகிய, மக்கள் நெருக்கம் மிகுந்த நகரத்தில் இவை வீண் கேள்விகள் அல்ல. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் ஒவ்வோர் அடியும் அருமையானது.

பேரம் பேசுவதில் இரு தரப்பின் வலுவும் சமமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கியோ பெரிய நிதி நிறுவனமோ கட்டடமொன்றை எடுக்கும்போது தமது தொழில்நுட்ப அலுவலரை அனுப்பி அளந்துவிட்டே கையெழுத்திடுகிறது. படுவான்கரையிலிருந்து நகருக்கு வந்து முதன்முதலாகக் கடை திறக்க முனையும் இளைஞருக்கோ, சேமிப்பை முற்பணமாகக் கொடுத்துத் தையற் கடை ஆரம்பிக்கும் பெண்ணுக்கோ அந்த வசதி இல்லை. முற்பணம் கைமாறிய பின்னர் அளவு குறைவென்று கண்டாலும் அவர்கள் எங்கே சென்று முறையிடுவது?

இன்னொன்றையும் நாம் மனந்திறந்து பேச வேண்டும். வாவிக்கரை நகரங்களில் தமிழ் உரிமையாளரின் கட்டடத்தில் முஸ்லிம் வர்த்தகரும், முஸ்லிம் உரிமையாளரின் கட்டடத்தில் தமிழ் வர்த்தகரும் தொழில் செய்வது புதுமையன்று. 1990ஆம் ஆண்டின் கசப்பான நிகழ்வுகளும், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயம் உட்பட நாட்டின் பல இடங்களில் நடைபெற்ற தாக்குதல்களின் பின் எழுந்த அச்சமும் விலகலும் இவ்வுறவுகளைச் சோதித்தன. இருந்தும் கடைவீதி மீண்டும் இரு சமூகத்தவரையும் ஒன்றாக்கியே வைத்திருக்கிறது. அத்தகைய இடத்தில், எழுதப்படாத அளவொன்றின் மீது எழும் சாதாரணமான தகராறு, “அவர்கள் நம்மை ஏமாற்றிவிட்டார்கள்” என்ற பேச்சாக மாற அதிக நேரம் எடுக்காது. அளவுநாடாவால் தீர்க்கக்கூடிய பிணக்கை இனப்பிணக்காக வளரவிடுவது இரு சமூகங்களுக்கும் கேடாகும். தெளிவான அளவும் தெளிவான எழுத்தும் இருக்குமிடத்தில் அத்தகைய பேச்சுக்கு இடமிருக்காது.

முன்மாதிரியாக நடக்கக்கூடியவர்கள் யார் என்று சிந்திக்கும்போது, பள்ளிவாசல்களும் கோயில்களுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. இரு சமூகத்தின் வணக்கத்தலங்களுக்கும் வாடகைக் கடைகள் உள்ளன. பள்ளிவாசல்களின் வக்பு ஆதனங்கள் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வக்பு சபையின் மேற்பார்வைக்கு உட்பட்டவை. கோயில் ஆதனங்களின் பொறுப்பாளர்கள் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கடமைப்பட்டவர்கள். இரு சாராரும் பொதுச் சொத்தைப் பேணும் பொறுப்பாளர்களே. கடையின் பரப்பைக் குறைத்துக் காட்டினால் அறச்சொத்துக்கு நட்டம். கூட்டிக் காட்டினால் வாடகையாளருக்கு அநீதி. திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் குறைவு செய்வோரைக் குறித்தே பெயர் பெற்றது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் துலாக்கோலையே உவமையாகக் கொள்கிறது. இவ்விரு மரபுகளும் வளர்த்த சமூகங்களுக்கு, சரியாக அளந்து கொடுப்பதன் அவசியத்தைப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை.

உள்ளூராட்சி மன்றங்களுக்கும் இதில் கணிசமான பங்குண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் பதவிக்காலம் முடிவடைந்து, ஈராண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கிய மன்றங்களுக்கு 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. மட்டக்களப்பு மாநகர சபையும், காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகளும், வாவியைச் சூழவுள்ள பிரதேச சபைகளும் தமக்குச் சொந்தமான சந்தைக் கடைகளைக் கேள்விப்பத்திரம் மூலம் குத்தகைக்கு விடுகின்றன. அக்கேள்விப்பத்திரங்களில் ஒவ்வொரு கடையினதும் புறப்பரப்பையும், வாடகையாளருக்கு மாத்திரம் உரிய உட்பரப்பையும் தனித்தனியே அச்சிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சபையின் தீர்மானமொன்றே போதும். தனியார் கட்டடங்களுக்கான அனுமதிப் படங்களிலும் இரு அளவுகளையும் காட்டுமாறு கேட்கலாம்.

சட்டமும் மன்றமும் அசையும் வரை வர்த்தகர்கள் காத்திருக்கவும் தேவையில்லை. குத்தகை எழுதும்போது சில விடயங்களை வலியுறுத்தினாலே பெரும்பாலான தகராறுகளைத் தவிர்த்துக்கொள்ளலாம். முதலாவது, கடையின் அளவிடப்பட்ட படமொன்றை உறுதியோடு இணைத்து, வாடகையாளருக்கு மாத்திரம் உரிய பகுதியை அதில் நிறமிட்டுக் காட்டுவது. இரண்டாவது, சுவரின் எந்த முகத்திலிருந்து அளக்கப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதுவது. மூன்றாவது, படிக்கட்டு, விறாந்தை, மலசலகூடம், மின்பிறப்பாக்கி வைக்கும் இடம், வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றில் எவை பொதுவானவை, அவற்றின் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பதைப் பட்டியலிடுவது. நான்காவது, முற்பணம் கொடுக்குமுன் இரு தரப்பும் சேர்ந்து அளந்து, திகதியிட்டுக் கையெழுத்திடுவது. ஐந்தாவது, பின்னர் அளந்து பார்க்கையில் இணங்கிய ஒரு வீதத்துக்கு மேல் வேறுபாடு காணப்பட்டால் வாடகை எவ்வாறு திருத்தப்படும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது. குத்தகைக் காலத்தில் உரிமையாளர் மேல்மாடி எழுப்பினால் படிக்கட்டால் இழக்கும் இடத்துக்கு வாடகை குறைக்கப்படும் என்பதும் இதில் அடங்க வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். கடையொன்றை அளக்க ஒரு பட வரைஞருக்கு அரை நாள் போதுமானது. மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர் வர்த்தக சங்கங்கள் ஒன்றுகூடி, தமிழில் எளிமையான ஒரு மாதிரி அளவைப் படிவத்தைத் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்குமாயின், நொத்தாரிசுகளும் அதனைத் தமது உறுதிகளோடு இணைத்துக்கொள்வர். கிழக்குப் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் அமைந்துள்ள மாவட்டத்தில் இப்பணிக்கு ஆலோசனை பெறுவது அரிதன்று.

வாடகைக்குக் கொடுப்பவரும் எடுப்பவரும் நாளை இடம் மாறலாம். இன்றைய வாடகையாளர் நாளை சொந்தக் கட்டடம் எழுப்பக்கூடும். இன்றைய உரிமையாளரின் பிள்ளை வேறொரு நகரில் கடை தேடிச் செல்லக்கூடும். எனவே இது ஒரு தரப்புக்குச் சார்பான கோரிக்கை அன்று. புதிதாகத் தெரிவான மன்றங்கள் தமது சொந்தக் கடைகளின் அடுத்த கேள்விப்பத்திரத்திலேயே இரு அளவுகளையும் வெளியிட்டு இதனைத் தொடக்கிவைக்க வேண்டும் என்றும், பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்கள் அதனைப் பின்பற்ற வேண்டும் என்றும் நாம் வேண்டுகோள் விடுக்கின்றோம்.